பதினெட்டோ பத்தொன்பதோ

வயிற்றுக்குத்துக்கு மருந்தென்று என் புருஷன் ஒரு போத்தலைத் திறந்து இரண்டு கரண்டி குடித்த பாவத்துக்கு, நான் ஒரேயொரு சீன எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டி வந்தது. அந்த மனிதருக்கு எதையும் கேட்டுச் செய்கிற பழக்கம் கிடையாது. கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அப்படித்தான்.

அப்போது நாங்கள் திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். அரிசிக்கும் மாவுக்கும் கூப்பன் புத்தகத்தோடு வரிசையில் நின்று கால் கடுத்த காலம். அவர் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டினார். கப்பலின் அடித்தட்டிலிருந்து மூட்டைகளைத் தூக்கி வள்ளத்தில் இறக்குகிற யந்திரம் அது. சீனத்து அரிசிக் கப்பல் வந்து நின்றால் எங்கள் ஒழுங்கைக்கே ஒரு களை வந்துவிடும். வேலை கிடைக்கும், அதைவிட முக்கியமாகச் சாமான் கிடைக்கும். கப்பல்காரர் வாழைப்பழத்துக்கும் செவ்விளநீருக்கும் ஆலாய்ப் பறப்பார்கள். பதிலுக்குத் துவாய் தருவார்கள், பூப்போட்ட எனாமல் கோப்பை தருவார்கள், தைலம் தருவார்கள். பாஷை தெரியாது, கையைக் காட்டிக் கண்ணைக் காட்டி வியாபாரம் முடியும்.

அந்தத் தைலம் இல்லாத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை. சீனத் தைலம் என்போம். தலையிடிக்கு நெற்றியில் பூசுவோம், தடிமனுக்கு நெஞ்சில் தேய்ப்போம், வயிற்றுக்குத்துக்குச் சுடுதண்ணீரில் இரண்டு துளி விட்டுக் குடிப்போம். பூசுகிறதைக் குடிக்கலாம், குடிக்கிறதைப் பூசலாம் என்பது எங்களுடைய வைத்திய சாத்திரம். கப்பலிலிருந்து எந்தப் போத்தல் வந்தாலும் அதே சட்டம்தான். அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்று காலை எங்களுக்குள் பெரிய சண்டை. முதல்நாள் அவர் வளவில் வெட்டிய கதலிக் குலையை அப்படியே கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சமையல்காரனிடம் கொடுத்துவிட்டு, ஒரு போத்தலோடு வந்து நின்றிருந்தார். வழக்கமான சின்னப் போத்தல் அல்ல. கை நீளத்துக்கு ஒரு போத்தல், உள்ளே மண்ணிறத் தண்ணீர். மூடி சரியில்லாமல் ஒழுகி, ஒட்டியிருந்த கடதாசியின் கீழ்ப்பாதி ஊறிக் கிழிந்து போயிருந்தது.

“பிள்ளையளுக்கு ஒரு பழம் மிச்சம் வைக்கேல்லை. ஒரு குலையைக் குடுத்துப்போட்டு இந்த ஊத்தைப் போத்தலோ வாங்கிக்கொண்டு வந்தனீங்கள்?” என்று நான் கத்தினேன்.

“ஊத்தையோ? இது பெரிய மருந்து. அவன் நெஞ்சில கை வைச்சுச் சொன்னவன்.”

“அவன் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?”

“விளங்காமல்? எனக்கு விடிய தொடக்கம் வயித்துக்க குத்துது. இப்ப பாரும்.”

எனக்குக் காட்ட வேண்டுமென்ற ரோசம். துளிக் கணக்கை விட்டுவிட்டுக் கரண்டிக் கணக்கில் குடித்தார். குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, “பாத்தீரோ, குத்து நிண்டிட்டுது” என்றார். “கிழிச்சியள்” என்று சொல்லிவிட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். உதடு மரத்துப்போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். பிறகு நாக்குத் தடிக்கிறது என்றார். பிறகு கிணற்றடியில் குந்தியிருந்து சத்தியெடுக்கத் தொடங்கினார். வயிற்றில் ஒன்றுமில்லாமல் போன பிறகும் அது நிற்கவில்லை. நான் போய்த் தோளைப் பிடித்தபோது உடம்பு சில்லிட்டு, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. “இஞ்சேருங்கோ, என்னப்பா செய்யுது?” என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், கதை வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, ராத்தா என்போம், வேலிக் கிடுகைப் பிரித்துக்கொண்டு ஓடி வந்தார். அவருடைய தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறவன், நல்ல காலத்துக்கு வீட்டில் நின்றான். என் பிள்ளைகள் இரண்டையும் ராத்தா தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவனும் நானுமாகப் புருஷனைத் தூக்கிக் காருக்குள் கிடத்தினோம். “போத்தலை எடு பிள்ளை, போத்தலை எடு” என்று கத்தியதும் ராத்தாதான்.

பெரியாஸ்பத்திரியில் மிஸிமார், தாதிமாரைத்தான் அப்படிச் சொல்லுவோம், மூக்கால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். டொக்டர் வயதில் சின்னவர். புருஷனுடைய நாடியில் வைத்த விரலை அவர் எடுக்கவேயில்லை. மற்றக் கையால் போத்தலை வாங்கி மணந்து பார்த்தார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“இதுக்குள்ள என்ன இருக்கு?”

“சீனத் தைலம் ஐயா.”

“அது எனக்கும் தெரியுதம்மா. என்ன போட்டுச் செய்தது?”

எனக்கு எங்கே தெரியும்? ஆஸ்பத்திரியில் காவலுக்கு நிற்கிற பொலிஸ்காரர் ஒருவர் கதவடிக்கு வந்து, காலையில் வீட்டில் சண்டை நடந்ததோ என்று கேட்டார். கார் ஓட்டி வந்தவன் பதறிப்போய் ஏதோ உளறியிருக்க வேண்டும். “சண்டை பிடிக்காத வீடு எங்கையாவது இருந்தால் சொல்லுங்கோ, நானும் போய் இருக்கிறன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய மனிதர். என் புருஷனையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

டொக்டர் என்னை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“அம்மா, வடிவாக் கேளுங்கோ. இவற்ற நாடி விழுந்துகொண்டே போகுது. இந்தப் போத்தல்ல இதயத்தைப் பிடிக்கிற விஷம் ஏதும் இருந்தால் அதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. இதில விஷமே இல்லையெண்டால், இவர் வேறயா வயல் மருந்து குடிச்சிருக்கிறார் எண்டுதான் நான் எடுக்கவேணும். அதுக்கு வேற ஊசி, கனக்கப் போடவேணும். மாறிப் போட்டனெண்டால் இதயம் அதோடயே நிண்டிடும்.”

“அவர் வேற ஒண்டும் குடிக்கேல்லை ஐயா! என்ர கண்ணுக்கு முன்னால குடிச்சவர்.”

“இஞ்ச வாற எல்லா மனுசிமாரும் அப்படித்தான் சொல்லுறவை. நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை. ஆராவது இந்தக் கடதாசியை வாசிச்சுச் சொல்லவேணும். கப்பல்ல ஆக்கள் நிக்கினமோ?”

கப்பல் விடியவே போய்விட்டது. ஊரில் சீன எழுத்து வாசிக்கக்கூடியவர்கள் என்று இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு போய் விற்கிறவர். அவர் அன்று லோஞ்சில் கடல் கடந்து மூதூருக்குப் போயிருந்தார். மற்றவர் கடைத்தெருவில் பல்லுக் கட்டுகிற சீனர். நான் போத்தலைப் பறித்துக்கொண்டு காருக்கு ஓடினேன்.

பல்லுக் கட்டுகிறவர் தகப்பனோடு சின்ன வயதில் இங்கே வந்தவர். முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் ஊரில் இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர் கதைப்பது போலத்தான் இருக்கும். ஆனாலும் அவர் ஊர்க்காரர் அல்ல. இருப்பதற்கு அனுமதி கேட்டு ஒவ்வொரு வருஷமும் கடதாசிகளைக் கொண்டுபோய்ப் பொலிசில் காட்ட வேண்டும். பொலிஸ்காரருக்கெல்லாம் அவர் சும்மாதான் பல்லுப் பிடுங்கினார்.

நான் உள்ளே போனபோது ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு கதிரையில் கிடந்தார். “ஐயா, என்ர மனுசன் செத்துக்கொண்டு கிடக்கிறார்” என்று சொல்லி நான் விம்மினேன். அதுவரை வராத அழுகை அங்கேதான் வந்தது. அவர் கதிரையில் கிடந்தவருக்குப் பஞ்சைக் கடிக்கக் கொடுத்து வெளியே இருத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போத்தலை வாங்கினார்.

பெரிய எழுத்துகளை வாசிக்க அவருக்கு ஒரு நிமிஷமும் செல்லவில்லை. “சுளுக்கு, அடிபட்ட நோவு. இது தேய்க்கிறதெல்லோ தங்கச்சி, குடிக்கிறேல்லை.”

“குடிச்சிட்டார் ஐயா!”

அவர் யன்னலடிக்குப் போனார். மேசை லாச்சியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துச் சின்ன எழுத்துகளை வாசித்தார். கற்பூரம் என்றார். ஒரு பூ என்றார். ஒரு வேரின் பெயரைச் சீனத்தில் சொல்லி, அதனால் பயமில்லை என்றார். அடுத்த எழுத்தில் விரல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கடதாசி இல்லை; அது எண்ணெயில் கரைந்து கிழிந்த இடம்.

“என்ன ஐயா?”

“பொறுங்கோ.”

நானும் எட்டிப் பார்த்தேன். கடுகளவு இடத்தில் கரியை அப்பியது போல ஒன்று இருந்தது. அதை எழுத்தென்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. “உதில என்ன வாசிக்கக் கிடக்கு? எழுதினவனுக்கு விசரோ?” என்றேன்.

“எங்கட எழுத்துத் தங்கச்சி, கோடு கூடினால் பெருக்கிறேல்லை. ஒரு கோடு உள்ள எழுத்துக்கும் இருபது கோடு உள்ள எழுத்துக்கும் ஒரே அளவுப் பெட்டிதான். சின்னதா அச்சடிச்சால் கோடு கூடினது இப்பிடித்தான் மை பிடிச்சு அடைச்சுப்போகும். இடப்பக்கம் தெரியுது. அது பூச்சி. வலப்பக்கம்தான் அடைச்சுப்போச்சு.”

பூச்சி! ஒரு மனிதனுக்கு உயிர் போகிறது, இவர்கள் தைலத்துக்குள் பூச்சியைப் போடுகிறார்கள். எனக்கு அந்த நேரத்தில் முழுச் சீனதேசத்தின் மேலும் ஆத்திரம் வந்தது.

அவர் அலுமாரியிலிருந்து துணியில் சுற்றிய ஓர் அகராதியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். தலையணைத் தடிப்பு. எங்கள் அகராதி மாதிரி அதில் அகர வரிசை கிடையாது. முதலில் எழுத்தின் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். இதற்குப் பூச்சிக் குடும்பம்; ஊர்வதும் தத்துவதும்கூட அதற்குள் அடக்கமாம். பூச்சிக்கு ஆறு கோடு. அதைக் கழித்துவிட்டு மிச்சப் பாதிக்கு எத்தனை கோடென்று எண்ண வேண்டும். பன்னிரண்டு என்றால் ஒரு பக்கம், பதின்மூன்று என்றால் வேறொரு பக்கம். எண்ணத் தெரியாவிட்டால் தேடத் தெரியாது. நாலு டிராகனை ஒரே பெட்டிக்குள் அடைத்து அறுபத்துநாலு கோட்டில் எழுதுகிற எழுத்தும் ஒன்று இருக்கிறதாம். அதற்கு அர்த்தம் வாய் ஓயாமல் அலம்புவது. இதை அவர் வேறொரு நாளில், என்னைப் பார்த்துக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார். அன்றைக்கு அப்படிப் பகிடி விடுகிற நிலையில் இரண்டு பேரும் இருக்கவில்லை.

அவர் கண்ணாடியை வைத்துக்கொண்டு சீனத்தில் முணுமுணுத்து எண்ணினார். ஒரு பக்கத்தைத் திறந்தார். மூடினார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார். அதே பக்கத்தைத் திறந்து, அதில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதையும் மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

“நீங்கள் எண்ணுங்கோ.”

“நானோ? எனக்கு என்ன தெரியும்?”

“தெரியத் தேவையில்லை. கோட்டை எண்ணுங்கோ.”

எண்ணினேன். கண்ணாடிக்குள் கரி பெரிதாகியது, ஆனால் கரியாகத்தான் இருந்தது. பெட்டி மாதிரி ஒன்று தெரிய, அதை ஒன்று என்று எண்ணினேன். ட எழுதும்போதும் ப எழுதும்போதும் நாங்கள் கையைத் தூக்குவதில்லைதானே; ஒரே இழுவை. நான் சொன்ன தொகையைக் கேட்டு அவர் தலையை ஆட்டினார். பெட்டிக்கு மூன்று கோடாம். இடப்பக்கம் ஒன்று, மேலும் வலமும் சேர்த்து மடித்து ஒன்று, அடைக்கிற கோடு ஒன்று. திரும்ப எண்ணினேன். இந்த முறை மூலைக்கு மூலை எண்ணி அளவுக்கு மேலே போய்விட்டது. கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டேன். “எனக்கு ஏலாது ஐயா, எனக்கு ஏலாது” என்றேன்.

அப்போது கார் வந்து நின்றது. என்னை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போன ராத்தாவின் தம்பி ஓடி வந்தான். “அக்கா, மிஸி சொல்லிவிட்டவ. அண்ணன் இப்ப கண் திறக்கிறாரில்லையாம். டொக்டர் இன்னும் கனநேரம் பாத்துக்கொண்டிருக்க ஏலாதாம், வயல் மருந்துக்குரிய ஊசியை எடுத்து வைச்சிட்டாராம்.”

பல்லுக் கட்டுகிறவர் மேசையில் ஒரு கடதாசியை விரித்தார். பேனையை எடுத்தார். பெரிதாக, என் உள்ளங்கை அளவுக்கு, இரண்டு எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். எவ்வளவு நேரம் எழுதினார் என்கிறீர்கள்! நிறுத்தி நிறுத்தி, ஒரு கோட்டுக்கு ஒரு இழுவை, தூக்கி, வைத்து, இழுத்து. என் உயிர் அந்தப் பேனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“பூச்சிக் குடும்பத்தில மருந்துக்குப் போடுறது, இந்த உருவத்துக்குச் சரிவாறது, ரெண்டே ரெண்டுதான். ஒண்டுக்குப் பதினெட்டுக் கோடு, மற்றதுக்குப் பத்தொன்பது. ஒண்டு பச்சைப்பிள்ளைக்கும் குடுக்கலாம். மற்றது விஷம்.”

“எது விஷம்?”

“சொல்லமாட்டன்.”

எனக்குக் காது கேட்டது சரிதானோ என்று சந்தேகம் வந்தது. “என்ன சொன்னனீங்கள்?”

“சொல்லமாட்டன் தங்கச்சி. நீங்கள் பாத்து, போத்தல்ல இருக்கிறது இதுவோ அதுவோ எண்டு சொல்லுங்கோ. பேந்து சொல்லுறன்.”

“என்ன மனுஷன் நீங்கள்! அங்க அவர் கிடந்து சாகிறார், இஞ்ச எனக்குப் பள்ளிக்கூடச் சோதினையோ வைக்கிறீங்கள்? உங்கட எழுத்தை நீங்கள் வாசிக்க ஏலாமல் என்னட்டைக் கேக்கிறீங்களோ? பொலிசுக்குப் பயமெண்டால் பயமெண்டு சொல்லுங்கோ!”

“பயம்தான். பிழையாப் போனால் என்னைத்தான் பிடிப்பாங்கள். ஆனா இது அதுக்கில்லை. பாருங்கோ.”

அவர் கண்ணாடியை என் கையில் திணித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முகத்தைப் பார்த்து நான் பிடித்துவிடக் கூடாதென்றுதான் அப்படி நின்றார். நான் பார்க்கத்தான் பார்த்தேன். பிடரியும் காதும்தான் தெரிந்தன.

இரண்டு எழுத்துக்கும் இடப்பக்கம் ஒன்றேதான். வலப்பக்கம் வேறு. முதலாவதற்கு உச்சியில் இரண்டு சின்னப் பெட்டிகள், இரண்டு கண் முழித்துப் பார்ப்பது போல. நடுவால் ஒரு கோடு இறங்கிக் கீழே வாலாக நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதற்கு உச்சியில் வளைந்த கூரை, இடப்பக்கம் சரிந்து விழும் ஒரு நீளக் கால், உள்ளே அடுக்கடுக்காகப் படுத்த கோடுகள், அடியில் ஒரு பெட்டி. கண் முழித்ததுதான் பேய் மாதிரி இருந்தது. விஷம் என்றால் அதுவாகத்தான் இருக்குமென்று என் மனம் சொன்னது. அப்படியானால் மற்றதைக் காட்டிவிடு, மற்றதைக் காட்டிவிடு என்று அதே மனம் அரித்தது. மறு நிமிஷம், இந்த மனுஷன் வேண்டுமென்றே பேய் முகத்தை நல்லதுக்கு வைத்திருக்கலாமே என்றும் தோன்றியது. எந்தப் பக்கம் ஆசைப்படுவதென்றே தெரியாமல் ஆசைப்பட்டுக்கொண்டு நின்றேன். அதைவிடச் சித்திரவதை ஒரு மனுஷிக்கு இருக்காது.

பிறகு, முருகா, வாறது வரட்டும் என்று கண்ணாடியைக் கடதாசியில் வைத்துக் குனிந்தேன்.

உச்சி முழுக்க மை. கண்ணும் இல்லை, கூரையும் இல்லை. போத்தலைச் சாய்த்தேன். யன்னல் வெளிச்சம் கடதாசியில் வழிந்தது. கீழ்ப்பக்கம் பார்த்தேன். வால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, கடதாசி சுத்தமாக இருந்தது. அதற்குச் சற்று மேலே, கரிக்கு நடுவில், ஊசி முனையளவு ஒரு வெள்ளைப் புள்ளி. எண்ணெய் பட்டு வந்த புள்ளியோ? மூச்சைப் பிடித்துக்கொண்டு போத்தலை மற்றப் பக்கம் சாய்த்தேன். புள்ளி அசையவில்லை. அதைச் சுற்றி நாலு பக்கமும் மை அடைத்து நின்றது. அது பெட்டியின் உள்வயிறு.

“வால் இல்லை ஐயா. அடியில பெட்டி இருக்கு. இது ரெண்டாவது.”

“சரியோ?”

“சரி.”

“இன்னொருக்காப் பாருங்கோ.”

“பாத்திட்டன் எண்டு சொல்லுறனெல்லோ! ரெண்டாவது, ரெண்டாவது, ரெண்டாவது!”

அவர் திரும்பினார். முகத்தில் இரத்தமில்லை. கதவுக்குப் பின்னால் கிடந்த சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டே, “தேரை” என்றார். “தேரையின்ர தோல்ல கசியிற பாலைக் காயவைச்சு எடுக்கிறது. இதயத்தைப் பிடிக்கும். ஓடுங்கோ.”

காரில் அவர் முன்சீட்டில் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் பின்னால் இருந்து, தேரை, தேரை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு சொல் மறந்தால் புருஷன் போய்விடுவார் என்பது போல இருந்தது.

விறாந்தையில் டொக்டர் எங்களைக் கண்டு வெளியே வந்தார். பொலிஸ்காரரும் பின்னாலேயே வந்தார்.

“தேரை விஷம் ஐயா. கடதாசியில இருக்கு. வயல் மருந்து இல்லை” என்றேன்.

டொக்டர் போத்தலைப் பார்த்தார், பல்லுக் கட்டுகிறவரைப் பார்த்தார். “ஆர் வாசிச்சது?”

பல்லுக் கட்டுகிறவர் வாயைத் திறந்தார். பொலிஸ்காரர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். இந்த மனிதருடைய முப்பது வருஷமும் அந்தப் பென்சில் முனையில் நிற்பதை நான் கண்டேன். அவர் முந்துவதற்குள் நான் முந்தினேன்.

“நான்தான் வாசிச்சனான்.”

“உமக்குச் சீனம் தெரியுமோ?” என்றார் பொலிஸ்காரர்.

“ஒரு எழுத்துத் தெரியும்.”

பொய்யில்லையே? பொலிஸ்காரர் பென்சிலைப் பிடித்தபடி நின்றார். டொக்டர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். “நிச்சயமோ அம்மா? இதை நம்பித்தான் நான் செய்யப்போறன்.”

“ஓம்.”

அவர் திரும்பி உள்ளே போய்க்கொண்டே, எடுத்து வைத்திருந்த ஊசியை வைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவரச் சொல்லி மிஸியிடம் சத்தம் போட்டார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

அன்று மத்தியானத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விறாந்தை வாங்கில் இருந்தேன். ராத்தா கொடுத்துவிட்ட சோற்றை நான் திறந்தும் பார்க்கவில்லை. அந்தப் புள்ளி எண்ணெய்ப் புள்ளிதான், உனக்குக் கண் பிழைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ஓம் என்று எவ்வளவு வாய்க்கொழுப்போடு சொன்னேன்! அவர் செத்தால் கொன்றவள் நான்தான். சீனரும் இல்லை, டொக்டரும் இல்லை, நான்தான். கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் நான் எழும்பினேன். ஒவ்வொரு முறையும் மிஸி என்னைப் பார்க்காமல் போனார்.

விளக்கு வைக்கிற நேரம் டொக்டர் வந்தார். சட்டை முழுக்க வேர்வை. “நாடி ஏறுது. இனிப் பயமில்லை” என்றார். நான் அவருடைய காலில் விழப்போக, அவர் பயந்து பின்னுக்குப் போனார். மாறி மற்ற ஊசியைப் போட்டிருந்தால் மத்தியானமே முடிந்திருக்கும் என்று அவர் மிஸியிடம் மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது.

உள்ளே போய்ப் புருஷனைப் பார்த்தேன். கண் திறந்திருந்தார். “வயித்துக்குத்து நிண்டிட்டுது” என்றார், மெல்லிய குரலில். அடித்திருப்பேன். மிஸி பக்கத்தில் நின்றபடியால் விட்டேன்.

வெளியே வந்தபோதுதான் பல்லுக் கட்டுகிறவர் இன்னும் போகவில்லை என்பது தெரிந்தது. விறாந்தையின் மறுகரையில், தூணுக்குப் பின்னால் இருந்த வாங்கில், சப்பாத்துக் கயிறு கட்டாமல் அப்படியே இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்து, பிழைத்துவிட்டார் என்று சொன்னேன். அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், முந்தானையால் என் மூக்கைத் துடைத்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு கேட்டேன். “கோவிக்காதேங்கோ ஐயா. எது விஷமெண்டு அப்பவே ஏன் சொல்லேல்லை? அந்த மற்ற எழுத்து என்ன?”

“சில்வண்டு. மரத்தில இருந்து கத்துமே, அது கழட்டிப்போட்ட தோல். பிள்ளையளுக்குக் காய்ச்சலுக்குக் குடுக்கிறது.”

“அதைச் சொல்லியிருந்தால் நான் பொய் சொல்லுவன் எண்டோ நினைச்சனீங்கள்?”

“இல்லைத் தங்கச்சி. நான் ரெண்டு தரம் எண்ணினனான், கண்டனீங்கள்தானே.”

“ஓம்.”

“நீங்கள் அழுதுகொண்டு வந்தனீங்கள். அது விஷமா இருக்கக்கூடாது எண்டு எனக்குப் பெரிய ஆசையாப் போச்சு. முதல்தரம் எண்ணினன், பதினெட்டு வந்திது. ரெண்டாந்தரமும் பதினெட்டு. சில்வண்டு எண்டு சொல்ல வாய் எடுத்திட்டன். அப்பதான் என்ர கண்ணை நினைச்சு எனக்குப் பயம் வந்தது. அதுதான் உங்கட கண்ணுக்கும் அந்த ஆசையைக் குடுக்கேல்லை.”

அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.

“நான் அழாமல் வந்திருந்தால்?” என்று கேட்டேன்.

“அப்ப பத்தொன்பது வந்திருக்கும்” என்றார்.

எனக்கு எழும்பிப் போகவும் முடியவில்லை, அங்கேயே இருக்கவும் முடியவில்லை. உள்ளே என் புருஷன், சீனி போட்ட தேத்தண்ணீர்தான் வேண்டுமென்று மிஸியோடு வாதாடுகிற சத்தம் கேட்டது.